வாரக் கூட்டத்தில் பத்து நிமிடம்: மகளிர் குழுச் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு சுய உதவிக் குழு நடத்திக்கொண்டிருக்கும் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தர வேண்டும். சேமிப்பு வாங்கி, உள்கடன் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டதும் அவரவர் வீட்டுக்கு ஓடுகிறோமே, அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம். அந்த நேரத்தில் பணப் பேச்சு வேண்டாம். வீட்டில் அடி வாங்குகிறவளுக்கும், வெளியில் சிரித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கிறவளுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள்.

குடும்ப ஆலோசனை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அங்கே வரும் பெண்ணிடம் முதல் நாளே இரண்டு கேள்வி கேட்போம். "இது எத்தனை வருஷமா நடக்குது?" என்பது ஒன்று. பெரும்பாலும் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் பதில் வரும்: "பெரியவன் வயித்துல இருக்கும்போது ஆரம்பிச்சது." அடுத்த கேள்வி, "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?" அம்மாவிடம் சொன்னேன், பொறுத்துக்கோ என்றார், மாமியாரிடம் சொன்னேன், நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவன் ஏன் கை நீட்டுறான் என்றார். குழுவில் சொன்னீர்களா என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். "குழுவுல எப்படி மேடம் இதெல்லாம் சொல்றது? அங்க லோன் பத்திதான் பேசுவோம்."

அந்தப் பதிலை நினைத்துத்தான் இந்த மடல். வாரம் தவறாமல் பார்த்துக்கொள்ளும், ஒருத்தியின் கடனுக்கு இன்னொருத்தி பொறுப்பேற்கும் பன்னிரண்டு பெண்களிடம் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத என்னிடம் பேருந்து ஏறி வந்து சொல்கிறாள் என்றால், வரும் வரைக்கும் அவள் எவ்வளவு தாங்கியிருப்பாள்?

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும், திருமணமான அல்லது திருமணமாகிப் பிரிந்த பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று அது சொல்கிறது. நாடு முழுவதற்குமான கணக்கு 29.3 விழுக்காடு. படிப்பிலும் மருத்துவத்திலும் மற்ற மாநிலங்களுக்கு முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படும் நாம், இதில் நாட்டுச் சராசரியைத் தாண்டி நிற்கிறோம். உங்கள் பன்னிரண்டு பேரில் நான்கைந்து பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அவர்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, நடந்ததை ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். காவிரிக் கடைமடையில் ஓர் ஊர், சித்திரை மாதம். சமுதாயக் கூடத்தில் மின்விசிறி ஓடாத மதியம். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் முழங்கை தாண்டி மணிக்கட்டு வரைக்கும் வரும் ரவிக்கை போட்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கையை அசைக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்து வந்து பணத்தை நீட்டினாள். வாங்கிய அக்கா அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, கன்னம் வீங்கியிருக்கு?" என்றார். "படியில வழுக்கிட்டேங்க்கா." அவள் இருப்பது கூரை வீடு. அதற்குப் படியே கிடையாது. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அக்கா பணத்தை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அந்த அக்கா கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுபவர் அவர்தான். அடுத்த கேள்வி எப்படிக் கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டு, அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியாது. லெட்ஜர் எழுதப் பயிற்சி கொடுத்தோம், வங்கியில் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தோம், கோழி வளர்ப்புக்கும் நாப்கின் தயாரிப்புக்கும் பயிற்சி கொடுத்தோம். பக்கத்தில் இருப்பவளின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தால் என்ன பேசுவது என்பதற்கு எத்தனை ஊரில் பயிற்சி நடந்திருக்கிறது?

"நாங்க படிக்காதவங்க, டாக்டரா வக்கீலா, எங்களால என்ன முடியும்?" என்பீர்கள். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் ஏக்ஜூட் என்ற அமைப்பு, உங்களைப் போன்ற பெண்கள் குழுக்களைக் கூட்டி மாதம் ஒரு கூட்டம் நடத்தியது. நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். படம் காட்டிக் கதை சொல்லி, நம் ஊரில் பிறந்த குழந்தை ஏன் சாகிறது, நாம் என்ன செய்யலாம் என்று பேசவைத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் சாவைக் குறைப்பதற்காக ஆரம்பித்த வேலை அது. குழந்தைச் சாவு குறைந்தது. கூடவே, மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இந்த முடிவுகள் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் பிரச்சினையைத் தாங்களே பேசித் தீர்வு தேடியதில் மனசும் தேறியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு நிலைமை இன்னும் மோசம். நாடு முழுவதற்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா சிகிச்சை கொடுத்துவந்த ஓர் இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வரப் பேருந்துக் காசில்லாமல் வீட்டிலேயே இருந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் 2006இல் தலைநகர் ஹராரேயில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரநிழலில் ஒரு மரப்பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். வருகிறவர்களிடம் பாட்டி பேச்சுக் கொடுப்பார், கேட்பார், பல கஷ்டங்களில் எதை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். இதை முறைப்படி சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாட்டிகளிடம் பேசியவர்களில் அது ஏறத்தாழ 14 விழுக்காடுதான்.

வெளியூரை விடுங்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களை நம்பி வங்கி எப்படிக் கடன் கொடுக்கும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அரசு தேர்ந்தெடுத்தது உங்கள் குழுக்களிலிருந்து வந்த பெண்களைத்தான். இன்று பிரஷர் கருவியோடு வாசலில் நிற்கும் அந்தப் பெண், "ராத்திரி தூக்கம் வருதா? வீட்ல நிம்மதியா இருக்கீங்களா?" என்று இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனை கதவு திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பத்து நிமிடத்தில் என்ன செய்வது? முதலில் உங்களுக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் வேண்டாம்; அவர்கள் கையில் கடன் நோட்டு இருக்கிறது, அவர்களிடம் மனம் திறக்கத் தயக்கம் வரும். வாய் அதிகம் பேசாத, கேட்டதை வெளியே விடாத இரண்டு பேர். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர் என்றால் இன்னும் நல்லது. ஏனென்றால் மருமகள் மாமியார் வயதுக்காரரிடம் சொல்லமாட்டாள். மாமியாரும் வீட்டில் படாத பாடு படுகிறவராக இருக்கலாம், அவர் இளையவளிடம் சொல்லமாட்டார். கூட்டத்தில், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் இந்த இருவரிடம் தனியாகப் பேசலாம், அது இருவரைத் தாண்டிப் போகாது என்று மட்டும் அறிவியுங்கள். யாரையும் எழுப்பி நிற்கவைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். மிச்ச நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள்: ஒரு வாரம் சட்டம், ஒரு வாரம் பிரசவத்துக்குப் பிறகு வரும் சோர்வு, ஒரு வாரம் குடி.

அந்த இருவர் செய்ய வேண்டியது என்னவென்றால், தனியே வைத்துக் கேட்பது. கடைமடை ஊரில் அந்தப் பெண் பிறகு பேசினாள், ஆனால் கூட்டத்தில் இல்லை. அதே தெருவில் இருந்த ஒரு மூத்த பெண் தினம் அவள் தண்ணீர் பிடிக்கும் நேரமாகப் பார்த்துக் குடத்தோடு போய் நின்றார். முதலில் பிள்ளை படிப்பு, ரேஷன் அரிசி என்று ஊர்க்கதை. பல நாள் கழித்துத்தான், "எனக்குத் தெரியும்டி. நீ சொல்லணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சுன்னா நான் இருக்கேன்" என்றார். அன்றும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் சொன்னாள்.

சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். "நீ என்ன பண்ணின?" என்ற கேள்வி வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். "எல்லா வீட்லயும் இதுதான்" என்பதையும் சேர்த்து விழுங்குங்கள். ஆறுதலாகச் சொல்வதாக நாம் நினைக்கிறோம், இதற்கு விடிவே இல்லை என்றுதான் அவள் காதில் விழுகிறது. "உன் மேல தப்பு இல்ல, என்கிட்ட சொன்னதே பெரிய விஷயம்" என்று சொல்லுங்கள். பிறகு அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சிலருக்குப் போலீஸ் வேண்டும். பலருக்கு அடி நின்றால் போதும், குடும்பம் வேண்டும். முடிவு அவளுடையது. அவளுக்காக நீங்கள் முடிவெடுத்தால் அவன் செய்ததையே வேறு விதத்தில் நீங்களும் செய்தவர்கள் ஆவீர்கள்.

செய்யக்கூடாதவை சில உண்டு, இவற்றில் தவறினால் உயிருக்கே ஆபத்து. அவள் சொன்ன மறுநாளே நாலு பேராகப் போய் அவனிடம் நியாயம் கேட்காதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுக் கதவைச் சாத்துபவன் அவன். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தீர்மான நோட்டில் ஒரு எழுத்துக்கூட வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்து இருவர் காலிலும் விழவைத்து அனுப்பும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அவன் கழுத்தை நெரித்தான் என்று அவள் சொன்னால், அதை "ஏதோ கோவத்துல" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து கொலையில் முடியக்கூடிய அடையாளம் அது. அவள் பிரிந்து போக முடிவெடுத்த நாட்களும் அப்படியே ஆபத்தானவை. அந்த நாட்களில் அவளைத் தனியே விடக்கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் ஒரு கவரில் உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. கேவலமாகத் திட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் பட்டினி போடுவது, மனைவியாக இருந்தாலும் விருப்பமில்லாமல் உடலைத் தொடுவது எல்லாமே அதில் வரும். பாதிக்கப்பட்டவள்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்களில் யார் வேண்டுமானாலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே இருக்கிறது. "வீடு என் பேர்ல இருக்கு, வெளிய போ" என்று கணவன் சொன்னாலும், அந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாஜிஸ்திரேட்டிடம் மனு போனால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லும் வழக்கம். நடைமுறையில் இழுத்தடிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கூடப் போக ஆள் வேண்டும். தனியாக வரும் பெண்ணை "நாளைக்கு வாம்மா" என்று அனுப்புகிற அலுவலகம், நான்கு குழுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருந்தால் அன்றைக்கே மனுவை வாங்குகிறது. நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். பெண்களுக்கான உதவி எண் 181. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு.

கடைமடைப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். குழுவில் இரண்டு பேர் கூடப் போய்ப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்தார்கள், ஜெராக்ஸ் கடையில் அலைந்தார்கள், ஒரு தடவை பேருந்தைத் தவறவிட்டு ராத்திரி ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். உத்தரவு கிடைத்தது. அவன் இன்னும் குடிக்கிறான். கை நீட்டுவதில்லை. அவள் கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறாள்.

இனி கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். பொறுத்துக் கேளுங்கள். பல ஊர்களில் பெண்ணின் உயிரை வாங்கும் நெருக்கடி குழுவுக்குள்ளிருந்தே வருகிறது. ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டியிருக்கிறது. தனியார் நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் பணம் வரும் வரை எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார். கோபம் அவர் மேல் போகாமல் கட்டாதவள் மேல் போகிறது. கூட்டமாக அவள் வாசலில் போய் நிற்கிறோம். "வெக்கமா இல்ல?" என்று தெரு கேட்கக் கத்துகிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அவள் பிள்ளை ஓரமாக நின்று அதைப் பார்க்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன், அதை அடைக்க மூன்றாவது. கணவனுக்குத் தெரிந்தால் அடி, தெரியாமல் இருக்கப் பொய். அந்த ராத்திரி அவள் மனசில் என்ன ஓடும் என்பதை நாம் யோசிக்கிறோமா?

இதுவும் வன்முறைதான், அதைச் செய்வது நாம் என்பதால் பெயர் மாறாது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளின்படி, காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கடன்தாரரை அழைத்து வசூல் கேட்கக் கூடாது. மிரட்டவும் அவமானப்படுத்தவும் கூடாது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமே தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் அடுத்த வீட்டுக்காரியின் நாக்கைக் கட்டாது. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். தவணை தவறியவளிடம் முதல் கேள்வி "பணம் எங்க?" என்று இருக்க வேண்டாம். "என்ன ஆச்சு?" என்று இருக்கட்டும். வாசலில் கூட்டமாக நிற்பதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். இந்த ஒன்றைத் தாராளமாக நோட்டில் எழுதலாம். தவணையைத் தள்ளிப்போட உள்நிதியில் கொஞ்சம் தனியே வையுங்கள். பதினாறு பவுன் சீர் கேட்டவர்களை எதிர்த்து நின்ற குழுக்களை எனக்குத் தெரியும், சாராயம் விற்றவனைத் தெருவை விட்டு ஓட்டிய குழுக்களையும் தெரியும். வசூல்காரரை ஆறு மணிக்கு எழுப்பி அனுப்ப உங்களுக்குத் தெம்பு இல்லையா?

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிப் பேசவே நமக்குப் பயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாளொன்றுக்குச் சராசரி 54 பேர். நாட்டிலேயே இரண்டாவது இடம். இந்தியா முழுவதும் காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்குத்தான். வீட்டு வன்முறையையும் மனநலத்தையும் நான் ஒரே மடலில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. அடி வாங்குகிறவளுக்குத் தூக்கம் போகிறது, பசி போகிறது, பிறகு வாழ்க்கை மேலேயே பற்றுப் போகிறது. அதற்கு மாத்திரை மட்டும் கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பினால் எப்படிக் குணமாகும்?

"நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருத்தி சொன்னால், அல்லது திடீரென்று தன் பொருள்களையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை. யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதிதான் வருகிறது. ஆமாம் என்றால் அன்று அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கும், தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே போன் போட்டு அவள் கையில் கொடுக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி அரசு சிகிச்சை கொடுக்க வேண்டும், தண்டிக்கக் கூடாது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் சில ஊர்களில் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு அதைச் செய்தது. விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொது இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்தார்கள். தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்வார்கள். விவசாயிகள் அதை மறுக்கவில்லை, அந்த ஊர்களில் சாவும் குறைந்தது. கோபத்திலும் விரக்தியிலும் வரும் அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாவிட்டால் ஓர் உயிர் பிழைக்கிறது. இதற்கு மனநல மருத்துவர் வேண்டாம், ஒரு கட்டடமும் ஊர்க்கட்டுப்பாடும் போதும். உங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பு நினைத்தால், கிராம சபையில் தீர்மானம் போட்டு இதைக் கேட்கலாம்.

பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்று அலையும் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அந்த 28 பேருக்கும் வீடு இருந்தது, சொந்தம் இருந்தது. சாமியிடமோ தர்காவிலோ வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டாம். வேண்டுதலும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அங்கே இலவசம். பாதியில் நிறுத்தாமல் இருக்க, மாதம் ஒரு தடவை ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டும். அதைக் குழு செய்யும்.

குடியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, ஊர்க்காரர்களின் துணையோடு கிராமத்திலேயே முகாம் நடத்திக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. மனைவிமாருக்கும் தனியே ஆலோசனை நடக்கும். அப்படி ஒன்றை உங்கள் வட்டாரத்துக்கும் கேளுங்கள். ஆனால் ஒன்று: குடியை நிறுத்தினால் அடி தானாக நின்றுவிடும் என்று நம்பி அவளைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். குடிக்காமலே அடிக்கிறவர்கள் நிறைய.

இவ்வளவையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்பதும் கூடப் போவதும் வேலைதான். அதற்குப் பயிற்சியும், பேருந்துக் காசும், ஒரு மதிப்பூதியமும் கொடுக்க வேண்டியது மகளிர் திட்டத்தின் கடமை. அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் அதிகாரிகளிடம் இதைக் கேளுங்கள், எழுதியே கொடுங்கள். கேட்கிறவருக்கும் மனசு கனக்கும். அந்த இரண்டு பேரும் மாதம் ஒரு தடவை ஒரு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச ஏற்பாடு வேண்டும். நல்ல மனசு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மனசு உள்ளவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள்.

இந்த மடலை அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாகப் படியுங்கள். 181, 104, 14416 என்ற மூன்று எண்களையும் சேமிப்புப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தை எந்தக் கணவனும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிறகு உங்களுக்குள் அந்த இரண்டு பேர் யார் என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி